தெருவில் இறங்கினால் என்ன நடக்கும்? போராட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போராட்டம் என்றதும் கூட்டம், கோஷம், தடியடி இவைதான் ஞாபகத்துக்கு வரும். செய்தியில் காட்டுவதும் அதைத்தான். அந்த ஒரு நாளுக்கு முன்னால் எத்தனை மாதம் வேலை நடந்தது, அப்புறம் என்ன ஆனது என்று யாரும் காட்டுவதில்லை. கீழே உள்ள கேள்விகளில் பாதி அந்த இடைவெளியிலிருந்து வருபவை.

உலகின் முதல் போராட்டம் எது?

முதல் போராட்டம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. எழுதி வைக்கப்பட்ட வேலைநிறுத்தங்களில் நமக்குக் கிடைத்த மிகப் பழையது எகிப்தில் நடந்தது, கி.மு. 1157 வாக்கில், மூன்றாம் ராம்செஸ் ஆட்சியின் 29ஆம் ஆண்டில். டேர் எல் மதீனா என்ற ஊரில் இருந்தவர்கள் எல்லோரும் கைத்தேர்ச்சி உள்ள தொழிலாளர்கள், அரசர்களுக்குக் கல்லறை குடைந்து சித்திரம் தீட்டுகிறவர்கள். கூலி தானியமாக வரும். ஒரு மாதம் பிறந்து பதினெட்டு நாளாகியும் தானியம் வரவில்லை. கருவிகளைக் கீழே போட்டுவிட்டு, காவல் சுவர்களைத் தாண்டிப் போய், பழைய அரசர் ஒருவரின் நினைவுக் கோவிலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தன, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, மன்னருக்கு எழுதுங்கள் என்றார்கள். எழுத்தர் ஒருவர் இதையெல்லாம் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் குறித்து வைத்தார், அது இன்று இத்தாலியில் டூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிகாரிகள் வந்து சமாதானம் பேசினார்கள், பாக்கியைக் கொடுத்தார்கள், அடுத்த முறையும் தாமதமானது, இவர்களும் மறுபடி போய் உட்கார்ந்தார்கள். மூவாயிரம் வருடத்தில் இதில் பெரிதாக என்ன மாறியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

வெறும் கையோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்து ஓர் அரசு ஏன் பயப்பட வேண்டும்?

பயப்படத் தேவையில்லை, பல சமயம் பயப்படுவதும் இல்லை. 2003 பிப்ரவரி 15 அன்று ஈராக் போர் வேண்டாம் என்று உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான நகரங்களில் மக்கள் ஊர்வலம் போனார்கள். ரோம் நகரில் மட்டும் சுமார் முப்பது லட்சம் பேர் என்று கணக்குச் சொன்னார்கள். மார்ச் 20 அன்று போர் தொடங்கிவிட்டது. அவ்வளவு பெரிய கூட்டமும் மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனது, வரி கட்டியது, ரயில் ஓட்டியது. ஆட்சியில் இருந்தவர்களுக்கு எந்தக் கதவும் அடைபடவில்லை.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு உண்மையில் வலிப்பது ஒத்துழைப்பு நின்றுபோவதுதான். கி.மு. 494இல் ரோமானியச் சாமானியர்கள் கடன்கொடுமை தாங்காமல் நகரத்தையே விட்டு வெளியேறி ஒரு குன்றில் போய்த் தங்கினார்கள் என்று ரோம வரலாறு சொல்கிறது. உழவும் போரும் அவர்களை நம்பித்தான் நடந்தன என்பதால் பிரபுக்கள் இறங்கிவந்து, சாமானியர்களுக்கென்று தனிப் பிரதிநிதிப் பதவியை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்னும் தெளிவான உதாரணம் ஐஸ்லாந்து. 1975 அக்டோபர் 24 அன்று அந்த நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அலுவலக வேலை, வீட்டு வேலை, பிள்ளை பார்ப்பது எல்லாவற்றையும் ஒருநாள் விட்டார்கள். பள்ளிகளும் கடைகளும் ஆலைகளும் மூடிக்கிடந்தன, பிள்ளைகளை ஆண்கள் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரும் கல்லெறியவில்லை. மறு ஆண்டே ஆண் பெண் சம உரிமைச் சட்டம் வந்தது, 1980இல் விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் என்ற பெண் தேர்தலில் ஜெயித்து நாட்டின் அதிபரானார்.

ரோசா பார்க்ஸ் களைப்பாக இருந்ததால்தானே எழுந்திருக்க மறுத்தார்? பெரிய போராட்டங்கள் தானாக வெடிப்பவைதானே?

இந்தக் கதையைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், அதனால் பதில் நீளம்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகரம், 1955 டிசம்பர் 1. பேருந்தில் வெள்ளைக்காரருக்கு இடம் கொடுக்க மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் கைதானார். அவர் தையல் வேலை பார்த்தவர் என்பது சரி. ஆனால் கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் பல வருடமாகச் செயலாளராகவும் இருந்தவர், அந்த ஆண்டு கோடையில்தான் டென்னசியில் ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போய் வந்திருந்தார். அவருக்கு முன்னால் அதே ஆண்டு மார்ச்சில் கிளாடெட் கால்வின் என்ற பதினைந்து வயதுப் பெண் இதே காரியத்தைச் செய்து கைதாகியிருந்தார். எந்த வழக்கை வைத்துக் களத்தில் இறங்குவது என்று அங்கே உள்ளவர்கள் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க்ஸ் கைதான அன்று இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை கல்லூரியின் நகலெடுக்கும் எந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அடித்து முடித்தார். விடிந்ததும் மாணவர்களை வைத்து ஊர் முழுக்க விநியோகம். இது ஒரே ராத்திரியில் முடிந்ததென்றால் காரணம், அவர் இருந்த பெண்கள் அமைப்பு பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றி அதற்கு முன்பே மேயருக்கு எழுதியே எச்சரித்திருந்தது.

புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. அத்தனை நாளும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போய்வர வேண்டுமே? சுமார் முந்நூறு கார்கள், ஏற்றி இறக்கும் இடங்களின் பட்டியல், பெட்ரோலுக்குத் தேவாலயங்களில் வசூல். உள்ளூர்க் காப்பீட்டு நிறுவனங்கள் கார்களுக்கான காப்பீட்டை ரத்து செய்தபோது லண்டனிலிருந்து காப்பீடு வாங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் நன்றாகப் பேசினார், சந்தேகமில்லை. ஆனால் அந்த வருடத்தை ஓட்டியது இந்தக் கார் பட்டியல்தான் என்று நான் சொல்வேன். இன்னொன்று: ஆரம்பத்தில் அவர்கள் கேட்டது ரொம்பச் சின்னது. மரியாதையாக நடத்துங்கள், முதலில் வந்தவருக்கு முதலில் இடம், கறுப்பினத்தவர் வசிக்கும் வழித்தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள், அவ்வளவே. நகராட்சி அதையும் மறுத்தது, பேருந்துகளில் நிறப் பிரிவினையே செல்லாது என்ற தீர்ப்பு வரும்வரை விஷயம் போனது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் கிளாடெட் கால்வினும் ஒருவர்.

அகிம்சை எல்லாம் உண்மையில் வேலை செய்யுமா?

ஓரளவு கணக்கு இருக்கிறது. எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை ஆட்சிக்கும் ஆக்கிரமிப்புக்கும் எதிராக நடந்த 323 பெரிய இயக்கங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆயுதம் இல்லாதவற்றில் 53 சதவீதம் ஜெயித்தன, ஆயுதம் ஏந்தியவற்றில் 26 சதவீதம். செனோவெத் ஆரம்பத்தில் இதை நம்பாதவர், அகிம்சை தோற்கும் என்று எதிர்பார்த்தே வேலையைத் தொடங்கியவர்.

காரணம் மனசாட்சி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. துப்பாக்கி தூக்க இளைஞர்கள் மட்டும்தான் வருவார்கள், வேலைக்குப் போகாமல் இருக்கவோ வரிசையில் நிற்கவோ பாட்டி முதல் பேத்தி வரை யாரும் வரலாம். அவ்வளவு பேர் வந்துவிட்டால் எதிரே நிற்கும் சிப்பாய்க்குக் கூட்டத்தில் ஒரு தெரிந்த முகமாவது இருக்கும். 1986 பிப்ரவரியில் மணிலாவில் கன்னியாஸ்திரிகள் ஜெபமாலையோடு பீரங்கி வண்டிகளுக்கு முன்னால் முழங்கால் போட்டார்கள், படை முன்னேறவில்லை, நான்கு நாளில் பிலிப்பைன்ஸ் சர்வாதிகாரி மார்க்கோஸ் நாட்டை விட்டு ஓடினார். 1989 அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்ஸிக்கில் சுமார் 70,000 பேர் திரண்டார்கள். சுடுவதற்குப் படை தயாராக இருந்தது, மருத்துவமனைகளில் கூடுதல் ரத்தம் சேர்த்து வைத்திருந்தார்கள். சுடவில்லை. ஒரே மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

இதே காரணத்தால்தான் தோல்வியும் வருகிறது. படைக்கும் மக்களுக்கும் உறவு இல்லாத இடத்தில், அல்லது சுடு என்றால் சுடுகிற படை இருக்கிற இடத்தில், 1989இல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் நடந்த மாதிரிப் படுகொலை நடக்கிறது. 2010க்குப் பிறகு அகிம்சை இயக்கங்களின் வெற்றி விகிதமும் குறைந்துவிட்டது. அரசுகளும் பழைய போராட்டங்களைப் படித்துப் பாடம் கற்கின்றன.

மக்கள்தொகையில் 3.5 சதவீதம் பேர் வந்தால் ஜெயம் நிச்சயமாமே?

அதே ஆய்விலிருந்து கிளம்பிய எண் இது, வாட்ஸ்அப்பில் விதியாகிவிட்டது. நடந்தவற்றைத் திரும்பிப் பார்த்துச் சொன்ன எண், நடக்கப்போவதற்கு உத்தரவாதம் இல்லை, இதைச் செனோவெத்தே சொல்லியிருக்கிறார். 2011இல் பஹ்ரைனில் அதைவிட அதிகம் பேர் வந்தும் இயக்கம் நசுக்கப்பட்டது. மாறாக, 3.5ஐத் தொடாமலே ஜெயித்தவை நிறைய.

கொஞ்சம் அடித்து உடைத்தால்தான் அரசு காது கொடுக்கும் என்கிறார்களே?

சில சமயம் அப்படி நடந்தும் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். பிரிட்டனில் ஓட்டுரிமை கேட்ட பெண்கள் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள், தபால் பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள், சிறையில் உண்ணாவிரதம் இருந்தார்கள், மூக்கு வழியாகக் குழாய் செருகி அவர்களுக்கு உணவு திணிக்கப்பட்டது. 1918இல் முப்பது வயதுக்கு மேற்பட்ட, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு ஓட்டு வந்தது, சமமான ஓட்டு 1928இல். அது கண்ணாடி உடைத்ததால் வந்ததா, உடைத்தபோதிலும் வந்ததா, போரில் பெண்கள் பார்த்த வேலையால் வந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். நியூசிலாந்துப் பெண்கள் 1893லேயே ஓட்டு வாங்கிவிட்டார்கள், கிட்டத்தட்ட 32,000 கையெழுத்துகள் கொண்ட மனுக்களோடு. ஒட்டிச் சுருட்டிய முக்கிய மனுவை நாடாளுமன்றத்தின் நடைபாதையில் உருட்டிவிட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில் 1960இல் ஷார்ப்வில் என்ற இடத்தில் 69 பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்றது, அதற்கு அடுத்த ஆண்டு மண்டேலாவின் கட்சி ஆயுதப் பிரிவு தொடங்கியது. அவர்களைக் குறை சொல்ல வெளியில் இருந்து யாருக்கும் தகுதி இல்லை. ஆனால் 1980களில் வெள்ளை ஆட்சியின் கையை முறுக்கியவை பெரும்பாலும் வேறு விஷயங்கள்: வேலைநிறுத்தம், வாடகை மறுப்பு, வெளிநாட்டுப் பொருளாதாரத் தடை. 1985இல் போர்ட் எலிசபெத் நகரத்தில் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளில் எதுவுமே வாங்காமல் நிறுத்தியபோது, கடைக்காரர்களே போய் அரசிடம் பேசுங்கள் என்று கெஞ்ச ஆரம்பித்தார்கள்.

காந்தி எத்தனையோ அநியாயம் இருக்க, உப்பை ஏன் எடுத்தார்?

அன்று பலரும் இதைக் கேட்டார்கள், காங்கிரஸுக்குள்ளேயே கேட்டார்கள். உப்புப் போராட்டத்தால் என் தூக்கம் கெடவில்லை என்ற பொருளில் வைஸ்ராய் இர்வின் லண்டனுக்கு எழுதினார். ஆனால் உப்பு இல்லாத வீடு கிடையாது, மதம், சாதி, பணம் எதுவும் குறுக்கே வராது, சட்டத்தை மீற ஆயுதமோ படிப்போ தேவையில்லை, கடற்கரையில் குனிந்தாலே போதும். குனிந்தவரைக் கைது செய்தால் அரசு கேலிக்கூத்தாகும், விட்டுவிட்டால் சட்டம் செத்துப்போகும். இரண்டு பக்கமும் அரசுக்கு நஷ்டம் வருகிற மாதிரி ஒரு கோரிக்கையை அமைப்பது எளிதான காரியமில்லை.

1930 மார்ச் 12 அன்று சபர்மதியில் 78 பேரோடு கிளம்பி தண்டி கடற்கரை வரை 24 நாள் நடந்தார். ரயிலில் போயிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும், ஆனால் அத்தனை நாளும் பத்திரிகைகளில் தினமும் செய்தி வந்திருக்காது. ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும் அதே ஏப்ரலில். வருடம் முடிவதற்குள் சுமார் 60,000 பேர் சிறைக்குப் போனார்கள். உப்பு வரி அப்போது போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1931 ஒப்பந்தத்தில் கடலோர மக்கள் தங்கள் உபயோகத்துக்கு உப்பெடுக்கலாம் என்ற அளவுக்குத்தான் கிடைத்தது.

கூட்டம் கூடவே தடை இருந்தால் என்ன செய்வது?

அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியில் பிள்ளைகளைக் காணாமல் பறிகொடுத்த தாய்மார்கள் 14 பேர் 1977 ஏப்ரல் 30 அன்று தலைநகர் புவெனஸ் ஐரிஸில் அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்றது போலீஸ். சரி என்று இரண்டிரண்டு பேராகச் சதுக்கத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். தலையில் வெள்ளைத் துணி, வியாழக்கிழமைதோறும் சுற்று. அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான அஸுசேனா வில்லாஃப்ளோர் அதே டிசம்பரில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார், அப்படியும் மற்றவர்கள் நிறுத்தவில்லை. 1983இல் ராணுவ ஆட்சி போனது, வியாழக்கிழமை நடை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

கேலியும் ஒரு வழி. செர்பியாவில் ஆட்சியிலிருந்த மிலோஷெவிச்சை எதிர்த்த ஓட்போர் என்ற மாணவர் அமைப்பு பெல்கிரேடின் கடைத்தெருவில் அவர் படம் ஒட்டிய ஒரு பீப்பாயையும் தடியையும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. காசு போட்டுவிட்டு ஒரு அடி அடிக்கலாம். மக்கள் வரிசையில் நின்று அடித்தார்கள். போலீஸ் வந்து பார்த்தது, வைத்தவர்கள் யாரும் அகப்படவில்லை, கடைசியில் பீப்பாயைக் கைது செய்து வண்டியில் ஏற்றியது. மறுநாள் அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. பயம் போனால் பாதி ஆட்சி போன மாதிரி, 2000 அக்டோபரில் மிலோஷெவிச்சும் போனார்.

சோஷியல் மீடியா வந்ததால் போராடுவது எளிதாகிவிட்டதா?

கூட்டுவது எளிதாகிவிட்டது, நீடிப்பது கஷ்டமாகிவிட்டது. மான்ட்கமரியில் கார் ஏற்பாட்டுக்காக ஆயிரம் கூட்டம் போட்டவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியும், யார் சொன்னால் யார் கேட்பார்கள் என்று தெரியும். ஹேஷ்டேக்கில் வந்தவர்களுக்கு அது தெரியாது. முதல் நெருக்கடி வரும்போது, எதை ஒத்துக்கொள்வது, யார் பேச்சுவார்த்தைக்குப் போவது என்ற கேள்வியில் இயக்கம் சிதறுகிறது. 2011இல் நியூயார்க்கின் நிதி மையமான வால் ஸ்ட்ரீட்டை எதிர்த்து முகாமிட்ட ஆக்கிரமிப்புப் போராட்டம் இரண்டே மாதத்தில் கலைக்கப்பட்டது, கோரிக்கைப் பட்டியல் என்று ஒன்று கடைசிவரை வரவில்லை. பணக்கார ஒரு சதவீதம், மிச்சமுள்ள 99 சதவீதம் என்ற பேச்சு மட்டும் அரசியலில் தங்கிவிட்டது, அதுவும் சும்மா இல்லைதான்.

இணையத்தைத் துண்டித்தால் போராட்டம் அடங்கும் என்று நினைக்கும் அரசுகளுக்கும் ஒரு செய்தி: எகிப்து 2011 ஜனவரி 28 அன்று துண்டித்தது, வீட்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தெருவுக்கு வந்தார்கள்.

தலைவர் கட்டாயம் வேண்டுமா?

ஒரே தலைவர் வேண்டாம், அவரைப் பிடித்தால் கதை முடிந்தது. பொறுப்பானவர்கள் வேண்டும்.

தோற்ற போராட்டத்தால் என்ன பிரயோஜனம்?

பிரிட்டனின் சார்ட்டிஸ்ட் இயக்கத்தைப் பாருங்கள். 1838இல் ஆறு கோரிக்கைகள் வைத்தார்கள்: வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு, ரகசிய வாக்கெடுப்பு, எம்.பி.க்களுக்குச் சம்பளம் இப்படி. 1839, 1842, 1848 என மூன்று முறை மனு கொடுத்தார்கள், இரண்டாவதில் முப்பது லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. மூன்றும் குப்பைக்குப் போயின. இயக்கம் கலைந்தது, பலர் சிறையிலும் நாடுகடத்தலிலும் வாழ்ந்து மடிந்தார்கள். வருடாவருடம் தேர்தல் என்ற ஒன்றைத் தவிர மற்ற ஐந்தும் பிற்காலத்தில் சட்டமாயின. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கவில்லை, அதை ஆறுதலாகச் சொல்லி முடித்துவிடவும் கூடாது.

மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற ஊரில் நடந்தது இன்னொன்று. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கான தலித் மக்கள் சவதார் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். சட்டப்படி அந்தக் குளம் ஏற்கெனவே எல்லோருக்கும் திறந்தது! அன்றே அடி விழுந்தது, குளத்தைச் சடங்கு செய்து ‘சுத்தம்’ செய்தார்கள். நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 1937 ஆனது.

ஜெயித்த பிறகு?

பெரும்பாலான இயக்கங்களுக்கு இதற்குத் திட்டமே இருப்பதில்லை. எகிப்தில் 2011இல் 18 நாளில் அதிபர் முபாரக் விலகினார், 2013இல் ராணுவம் திரும்பி வந்துவிட்டது. தாஹ்ரிர் சதுக்கத்தில் நின்ற இளைஞர்களிடம் கட்சி இல்லை, ராணுவத்திடமும் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பிடமும் மட்டுமே நாடு முழுக்க ஆள் இருந்தார்கள். இலங்கையில் 2022 ஜூலையில் கோட்டாபய ஓடினார், அதே மாதத்தில் காலிமுகத்திடல் முகாமை ராணுவம் விடிவதற்கு முன்பே பிரித்துப்போட்டது. ஆனால் 2020 தேர்தலில் மூன்றே இடங்கள் பெற்றிருந்த கூட்டணியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024இல் ஜனாதிபதியானார். தெருவில் கிளம்பியதைத் தேர்தல்வரை கொண்டுபோக ஒரு அமைப்பு இருந்தது.

போலந்தின் சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தை 1981 டிசம்பரில் கம்யூனிஸ்ட் அரசு ராணுவச் சட்டம் போட்டு நசுக்கியது. சங்கத்தினர் தலைமறைவாக அச்சடித்தும் சந்தா வசூலித்தும் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். 1989 ஜூன் 4 தேர்தலில், கீழவையில் போட்டிக்கு விடப்பட்ட 161 இடங்களும் மேலவையில் நூறில் 99 இடங்களும் இரண்டு சுற்றுகளில் அவர்களுக்கே வந்தன. பெய்ஜிங்கில் தியானன்மென் சதுக்கத்தைப் படை காலி செய்ததும் அதே ஜூன் 4 விடியலில்.

பொதுமக்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் போராட முடியாதா?

முடியும், யாரும் கவனிக்க மாட்டார்கள். இடைஞ்சல் யாருக்கு விழ வேண்டும் என்பதுதான் யோசிக்க வேண்டியது. முடிவெடுப்பவர் மேல் விழுந்தால் நல்லது, ஆம்புலன்ஸ் மேல் விழுந்தால் இயக்கத்துக்கே கேடு. ஆனால் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் அந்தக் காலத்தில் பெயர் கெடும் என்பதற்குத் தயாராக இருங்கள். 1961இல் நிறப் பிரிவினையை எதிர்த்துப் பேருந்தில் பயணம் செய்த இளைஞர்களைப் பற்றி அமெரிக்காவில் காலப் கருத்துக்கணிப்பு எடுத்தபோது 61 சதவீதம் பேர் பிடிக்கவில்லை என்றார்கள். 1966இல் மார்ட்டின் லூதர் கிங்கையே 63 சதவீதம் பேருக்குப் பிடிக்கவில்லை.

நான் ஒரே ஆள், மேடையில் பேச வராது. என்ன செய்ய முடியும்?

தனியாக ஆரம்பிக்காதீர்கள், ஏற்கெனவே நடப்பதில் சேருங்கள். பேச ஆள் எப்போதும் கிடைப்பார்கள். கணக்கு எழுத, வண்டி ஓட்ட, கைதானவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வக்கீலைப் பிடிக்கத்தான் ஆள் கிடைக்காது. 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். அதை இரண்டு மாதத்துக்குள் ஏற்பாடு செய்தவர் பேயார்ட் ரஸ்டின். எத்தனை பேருந்து, எத்தனை கழிப்பறை, குடிதண்ணீர் எங்கே, வெயிலில் கெடாத சாப்பாடு எது என்பதுவரை அவர் கணக்குப் போட்டார். நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் தன்னார்வலர்கள் ராத்திரியெல்லாம் நின்று 80,000 சாப்பாட்டுப் பொட்டலங்கள் கட்டி அனுப்பினார்கள். அந்த மாதிரி ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.